தூள் போட முன்னம் ஓர் அகப்பை: யாழ்ப்பாணத்துச் சின்னப் பிள்ளைகளும் இரும்புச்சத்தும்

போன மாதம் ஒரு மத்தியானம் கோண்டாவிலில் தங்கையின் மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். சூடை மீன் குழம்பு அப்போதுதான் அடுப்பால் இறங்கியிருந்தது. தாச்சியில் முருங்கையிலை வறை, மூடி வைத்த சட்டியில் கௌபிக் கறி. குசினி வாசலில் அவள் தன் 14 மாத மகனை மடியில் இருத்திச் சோறு தீத்திக்கொண்டிருந்தாள். கோப்பையை எட்டிப் பார்த்தேன். வெள்ளைச் சோறு, அதன்மேல் பால்சொதி, மசித்த உருளைக்கிழங்கு ஒரு துண்டு.

“மீன் குடுக்கேல்லையோ பிள்ளை?”

“உறைக்கும் பெரியம்மா.”

“இலை?”

“அதுக்கும் செத்தல் போட்டாச்சு.”

நாலு வாய் வாங்கியவன் ஐந்தாவது வாய்க்கு உதட்டை இறுக்கி முகத்தைத் திருப்பினான். உடனே பால் போத்தில் வந்தது. “பாலைத் தவிர ஒண்டையும் வாயில வைக்கிறானில்லை” என்றாள். அன்றைக்கு அது அவனுடைய நாலாவது போத்தில். ஆள் கொழுகொழுவென்று இருந்தான். ஆனால் கீழ் இமையை மெல்ல இழுத்துப் பார்த்தபோது உட்புறம் வெளிறிப் போயிருந்தது.

அந்த நாலு வாய்ச் சோற்றிலும் சொதியிலும் கிழங்கிலும் சேர்த்து அரை மில்லிகிராம் இரும்பு தேறுவதே கஷ்டம். அதே குசினியில், நாலு முழம் தள்ளி, அவனுக்கு வேண்டிய இரும்பு மூன்று சட்டிகளில் இருந்தது. எங்கள் ஊரில் பல வீடுகளில் நான் பார்க்கிற நிலைமை இதுதான். வீட்டில் சமைக்கிற சாப்பாட்டில் இரும்பு இருக்கிறது. யாழ்ப்பாணத்துத் தூளின் உறைப்பு அந்தச் சாப்பாட்டைப் பெரியவர்களுக்கு மட்டும் ஆக்கிவிடுகிறது. பிள்ளைக்கென்று மிஞ்சுவது சமையலிலேயே இரும்பு குறைந்த பங்கு.

சின்னப் பிள்ளைக்கு ஏன் இவ்வளவு இரும்பு வேண்டும் என்று பலர் கேட்கிறார்கள். அமெரிக்க ஊட்டச்சத்து அளவுகோலின்படி 7 முதல் 12 மாதம் வரையான குழந்தைக்கு நாளொன்றுக்கு 11 மில்லிகிராம் இரும்பு உணவில் இருக்க வேண்டும். 1 முதல் 3 வயது வரை 7 மில்லிகிராம். வளர்ந்த ஆணுக்கு அதே அளவுகோல் சொல்வது 8 மில்லிகிராம். அதாவது ஒன்பது மாதப் பிள்ளைக்குத் தகப்பனைவிடக் கூடுதலாக வேண்டும், அந்தச் சின்ன வயிற்றை வைத்துக்கொண்டு.

பிறக்கும்போது குழந்தை வெறுங்கையோடு வருவதில்லை. கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் தாயிடமிருந்து இரும்பை வாங்கி ஈரலில் சேமித்துக்கொண்டு வருகிறது. நிறைமாதத்தில் பிறந்த பிள்ளைக்கு அந்தச் சேமிப்பு ஏறத்தாழ ஆறு மாதத்துக்குப் போதும். குறைமாதத்தில் பிறந்தாலோ, பிறப்பு நிறை குறைவாக இருந்தாலோ, கர்ப்பத்தில் தாய்க்கு இரத்தம் குறைவாக இருந்தாலோ அதற்கு முன்னமே தீர்ந்துவிடும். பிறந்த உடனே தொப்புள்கொடியை வெட்டாமல் ஒரு நிமிடமாவது பொறுப்பதும் இந்தச் சேமிப்பைக் கூட்டத்தான். தாய்ப்பாலில் இரும்பு கொஞ்சம்தான் இருக்கிறது, இருப்பதில் பெரும்பங்கை உடல் உறிஞ்சிக்கொள்ளும். ஆனாலும் ஆறு மாதத்துக்குப் பிறகு அது போதாது. ஒரு வயதுக்குள் நிறை மூன்று மடங்காகிறது, அதற்கேற்ப இரத்தமும் ஊற வேண்டும். ஆறாம் மாதத்தில் நாங்கள் தொடங்குகிற சாப்பாடு பருப்புத் தண்ணியாகவும் ரஸ்க்காகவும் நின்றுபோனால், சேமிப்பு தீருகிற நேரத்தில் வரவும் இல்லை.

இரும்பு குறையும்போது முதலில் தீருவது சேமிப்பு. இரத்தத்தில் ஒட்சிசனைச் சுமக்கிற ஈமோகுளோபின் விழுவது கடைசிக் கட்டத்தில்தான். உலக சுகாதார நிறுவனம் 2024இல் திருத்தி வெளியிட்ட அளவின்படி 6 முதல் 23 மாதம் வரை டெசிலீற்றருக்கு 10.5 கிராமுக்குக் கீழும், 2 முதல் 5 வயதுக்குள் 11 கிராமுக்குக் கீழும் இருந்தால் இரத்தச்சோகை. அந்த எல்லைக்கு மேலே இருக்கும்போதே சேமிப்பு காலியாகி இருக்கலாம். அதனால்தான் மருத்துவர்கள் சேமிப்பைக் காட்டும் பெரிட்டின் என்ற பரிசோதனையையும் பார்க்கிறார்கள்.

இரத்தம் குறைவதை மாத்திரம் நினைத்து நான் இதை எழுதவில்லை. இந்த வயதில் மூளை வளரும் வேகத்துக்கு இரும்பு தேவை. நரம்புகளைச் சுற்றி உறை படிவதற்கும், மூளைக்குள் செய்தி கடத்தும் இரசாயனங்கள் உருவாவதற்கும் அது வேண்டும். கொஸ்ரா ரிக்காவில் பெற்சி லொசோஃப் என்ற ஆய்வாளர், சின்ன வயதில் நீண்ட நாள் இரும்புக் குறைபாடு இருந்த பிள்ளைகளைப் பல வருடங்கள் தொடர்ந்து பார்த்தார். இரத்தச்சோகை மருந்தால் மாறிய பிறகும், 19 வயதில்கூட அவர்கள் அறிவுத்திறன் சோதனைகளில் மற்றவர்களைவிடப் பின்தங்கியே இருந்தார்கள். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இதைத் தள்ளிப் போட எனக்கு மனம் வராததற்கு அந்த ஆய்வுதான் காரணம்.

கிளினிக் கொப்பியின் நிறைக் கோடு இதைக் காட்டாது. கோடு பச்சைப் பகுதியில் அழகாக ஏறிக்கொண்டிருக்கும், பிள்ளைக்கு இரும்பு இருக்காது. பால்மாவால் நிறை ஏறும், இரும்பு ஏறாது.

பாலைப்பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். பால் குடிக்காத பிள்ளை மெலிந்துபோகும் என்ற பயம் எங்கள் ஊரில் ஆழமாக ஊறியிருக்கிறது. 2022இல் பால்மா தட்டுப்பாடு வந்தபோது தாய்மார் பட்ட பதைபதைப்பை மறக்க முடியாது. அந்தப் பதைபதைப்பை நான் குறைசொல்லவில்லை. ஆனால் ஒரு லீற்றர் பசுப்பாலில் இருக்கிற இரும்பு அரை மில்லிகிராம் அளவுதான். வீட்டில் எல்லாருடைய தேத்தண்ணிக்கும் கரைக்கிற சாதாரண பால்மாவும் இதே கதைதான். பால் மூன்று வழியால் கெடுக்கிறது. வயிற்றை நிரப்பிச் சோற்றுக்குப் பசியில்லாமல் செய்கிறது. அதிலுள்ள கல்சியமும் கேசின் என்ற புரதமும் கூடச் சாப்பிடுகிற உணவின் இரும்பை உறிஞ்ச விடாமல் தடுக்கின்றன. ஒரு வயதுக்கு முன் பசுப்பாலையே முக்கிய பானமாகக் கொடுத்தால் சில குழந்தைகளின் குடலில் கண்ணுக்குத் தெரியாத அளவில் இரத்தம் கசியவும் கூடும். ஒரு வயதுக்குப் பிறகு நாளொன்றுக்கு 500 மில்லிலீற்றருக்கு மேல் வேண்டாம் என்று குழந்தை மருத்துவர்கள் சொல்வது இதனால்தான். இரண்டு கப் பால். அதுவும் போத்திலில் வேண்டாம், கப்பில். சாப்பாட்டோடு வேண்டாம், இடையில். போத்திலை நிறுத்துகிற முதல் மூன்று நாள் வீடு அதிரும், அது உண்மை. நாலாம் நாள் பசி சோற்றைத் தேடும். தாய்ப்பாலுக்கு இந்தக் கணக்கு இல்லை. இரண்டு வயதும் அதற்கு மேலும் கொடுக்கலாம், சாப்பாட்டைக் கொடுத்துவிட்டுப் பால் கொடுத்தால் போதும்.

தேத்தண்ணிக்கு விதிவிலக்கே கிடையாது. பின்னேரத்தில் அம்மப்பா தன் பால்தேத்தண்ணியில் பிஸ்கற்றைத் தோய்த்துப் பேரனுக்குத் தீத்துவது எத்தனையோ வீடுகளில் நடக்கிற அன்பான காரியம். தேயிலையில் உள்ள தனின் இரும்பைப் பிடித்துக் கட்டிவிடும். ஒரு வாய்தானே என்று சொல்ல வேண்டாம். அம்மப்பாவுக்கு வேறு ஒரு பண்டத்தைக் கையில் கொடுங்கள், ஒரு துண்டு பப்பாசிப்பழம் போதும்.

உணவில் இரும்பு இரண்டு விதமாக வருகிறது. இறைச்சி, ஈரல், மீன் இவற்றில் இரத்தத்தோடும் தசையோடும் சேர்ந்த இரும்பு இருக்கிறது. அதில் 15 முதல் 35 வீதம் வரை உடலுக்குள் போகும். இலை, பயறு, தானியங்களில் இருப்பது மற்ற வகை. அதில் உள்ளே போவது 2 முதல் 20 வீதம் வரை மாறும். எவ்வளவு போகிறது என்பது அதே கோப்பையில் கூட என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தது. 1968இல் வெனிசுவேலாவில் மிகேல் லைரிசேயும் சகாக்களும் அவரையையும் சோளத்தையும் மீனோடும் இறைச்சியோடும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். தனியே சாப்பிட்டபோது உறிஞ்சியதைவிட, சேர்த்துச் சாப்பிட்டபோது அவரையின் இரும்பு கூடுதலாக உறிஞ்சப்பட்டது. எங்கள் ஒடியற்கூழை நினைத்துப் பாருங்கள். பயற்றங்காய், பலாக்கொட்டை, முருங்கையிலை, அதற்குள் மீன், நண்டு, றால். மரக்கறியின் இரும்பை மீன் கைபிடித்து உள்ளே கூட்டிப் போகிறது. கூழின் உறைப்பைச் சின்னப் பிள்ளை தாங்காது. ஆனால் அந்தச் சேர்மானத்தைப் பிள்ளையின் கோப்பைக்கு அப்படியே கொண்டுவரலாம்.

அதற்கு இரண்டாவது சமையல் தேவையில்லை. தூள் போட முன்னம் ஓர் அகப்பை எடுத்து வைத்தால் போதும். கௌபியோ பருப்போ அவிந்து வந்ததும், மிளகாய் சேர முன்னம் பிள்ளையின் பங்கை எடுத்துவிடலாம். ஆட்டிறைச்சியை மஞ்சளோடு அவிய விட்டுத்தானே தூள் போடுகிறோம், அந்த இடத்தில் இரண்டு துண்டு எடுத்து நன்றாக நசித்துவிடலாம். மீனுக்கு இன்னும் சுலபம். எங்களிடம் மீன்சொதி என்று ஒன்று இருக்கிறது. உள்ளி, சின்ன வெங்காயம், மஞ்சள், கறிவேப்பிலை போட்டு, பச்சை மிளகாயை விட்டுவிட்டு, இரண்டு மீன் துண்டைத் தேங்காய்ப்பாலில் அவித்தால் பிள்ளையின் கறி முடிந்தது. இறக்கிய பிறகு தேசிக்காய் நாலு துளி. கொதிக்கிற சட்டியில் விடக் கூடாது, சூட்டில் விற்றமின் சி அழிந்துபோகும். ஒரு வயதுக்குள் உப்பும் வேண்டாம்.

மீனைப்பற்றி ஒரு உண்மை: வெள்ளைத் தசை மீன்களில் இரும்பு அப்படி அதிகம் இல்லை. சூடை, நெத்தலி போன்ற சின்ன மீன்களில் கூடுதலாக இருக்கிறது. பாசையூரிலும் குருநகரிலும் காலையில் அவை பெரிய மீனைவிடக் குறைந்த விலைக்குப் போவதும் உண்டு. முள்ளை விரலால் தடவித் தடவி எடுக்க வேண்டும், அவசரப்படக் கூடாது. வெள்ளை மீனுக்கும் வேலை இருக்கிறது, பக்கத்தில் இருக்கிற இலையினதும் பயறினதும் இரும்பை அது உள்ளே இழுக்கிறது. சுறா போன்ற பெரிய மீன்களில் பாதரசம் சேர்ந்திருக்கும் என்பதால் இந்த வயதுக்கு அவை வேண்டாம்.

இரும்புக்கு நான் முதலில் சொல்வது கோழி ஈரல். 100 கிராமில் ஏறக்குறைய 9 மில்லிகிராம். இரண்டு மேசைக்கரண்டி மசியலில் ஒரு வயது தாண்டிய பிள்ளையின் அன்றைய தேவையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கிடைத்துவிடும். ஈரலைக் கழுவி, மிளகு சீரகம் ஒரு சிட்டிகையோடு உள்ளே சிவப்பு இல்லாமல் அவித்து, குழையல் சோற்றோடு பிசைந்தால் பெரும்பாலான பிள்ளைகள் சாப்பிடும். வாரத்துக்கு ஒரு தரம் போதும். ஈரலில் விற்றமின் ஏ மிக அதிகம், தினமும் கொடுத்தால் அது கூடிப்போகும். ஆட்டிறைச்சியில் 100 கிராமுக்கு 3 மில்லிகிராம் அளவில் இருக்கிறது. முட்டை ஒன்றில் ஒரு மில்லிகிராமுக்குச் சற்றுக் குறைவு, அதுவும் மஞ்சட்கருவில் உள்ள ஒரு புரதத்தோடு இறுகப் பிணைந்திருப்பதால் இலகுவில் வெளியே வராது. முட்டை நல்ல சாப்பாடுதான். இரும்புக்கு அதையே நம்பியிருக்க முடியாது.

மச்சம் தொடாத வீடுகள் இங்கே நிறைய. மச்சம் சாப்பிடுகிற வீடுகளிலும் நல்லூரில் கொடியேறினால் 25 நாள் சைவம்தான், கந்தசஷ்டிக்கு ஆறு நாள். விரதம் பெரியவர்களின் விருப்பம், அதில் தலையிட எனக்கு எண்ணமில்லை. அந்த நாட்களிலும் பிள்ளையின் இரும்புக்கு யாராவது கணக்குப் பார்க்க வேண்டும் என்பதுதான் என் கவலை. காய்ந்த நிலையில் 100 கிராம் பயறில் 6 மில்லிகிராமுக்கு மேலும், உழுந்தில் 7 மில்லிகிராமுக்கு மேலும் இரும்பு உண்டு, எள்ளில் அதைவிடவும் கூட. ஆனால் தோலிலும் விதையிலும் உள்ள பைற்றிக் அமிலம் அதைப் பூட்டி வைத்திருக்கிறது. பூட்டைத் திறக்கிற வழிகள் எங்கள் அம்மம்மாமாரின் கையில் இருந்தவை: இரவு முழுதும் ஊறப்போடுவது, முளைக்கவிடுவது, புளிக்கவிடுவது. முளைத்த பயறை அவித்து மசித்துத் தேசிக்காய் விட்டால் அதே பயறில் இருந்து கூடுதல் இரும்பு கிடைக்கும். புளித்த மாவில் சுட்ட தோசை, புளிக்காத ரொட்டியைவிட இந்தக் கணக்கில் நல்லது. சாப்பிட்ட கையோடு ஒரு துண்டு பழம் கொடுக்க வேண்டும். கொய்யாப்பழத்துக்கு நிகர் இல்லை, 100 கிராமில் 200 மில்லிகிராமுக்கு மேல் விற்றமின் சி இருக்கிறது. பப்பாசியும் தோடம்பழமும் நல்லவை. ஆனியில் கறுத்தக் கொழும்பான் மாம்பழம் வரும்போது அதுவும் உதவும்.

குரக்கனை எல்லா வீட்டிலும் இரும்புக்கு என்று கொடுக்கிறார்கள். 100 கிராம் மாவில் 4 மில்லிகிராம் அளவு இருக்கிறது, உண்மைதான். அதைப் பாலில் காய்ச்சிச் சீனி போடும்போதுதான் பிழைக்கிறது. குரக்கனில் இயல்பாகவே தனினும் கல்சியமும் அதிகம், அதற்குமேல் பாலின் கல்சியமும் சேர்ந்தால் இரும்பு உள்ளே போக வழியில்லை. முளைக்க வைத்துக் காய்ந்த குரக்கனை அரைத்து, தண்ணியில் கூழாகக் காய்ச்சி, பிறகு பழம் கொடுங்கள்.

மாதுளம்பழம், பீற்றூட், பேரீச்சம்பழம் மூன்றும் இரத்தம் ஊற வைக்கும் என்ற நம்பிக்கை நிறத்தைப் பார்த்து வந்தது. மாதுளையில் 100 கிராமுக்கு 0.3 மில்லிகிராம், பீற்றூட்டில் 0.8, பேரீச்சையில் ஒன்று. சோகை என்று சொன்ன வீட்டில் மாதுளம்பழச் சாறுக்கு ஆயிரக்கணக்கில் செலவழித்ததைப் பார்த்து நெஞ்சு வலித்திருக்கிறது. அந்தக் காசுக்கு எத்தனை தரம் ஈரல் வாங்கியிருக்கலாம். முருங்கையிலை இவற்றைவிட எவ்வளவோ மேல், பச்சை இலையில் 4 மில்லிகிராம் அளவும் விற்றமின் சியும் இருக்கின்றன. ஆனால் சின்னப் பிள்ளை ஒரு நேரத்தில் சாப்பிடுவது பத்துப் பதினைந்து கிராம் இலைதான். கோப்பையில் அது பக்கக் கறியாக இருக்கட்டும், முழுப் பொறுப்பையும் அதன் தலையில் வைக்க வேண்டாம். பசளியின் இரும்பிலும் கொஞ்சம்தான் உடலில் சேரும்.

பரணில் கிடக்கிற இரும்புத் தாச்சியை இறக்கச் சொல்வேன். 1999இல் எத்தியோப்பியாவில் நடந்த ஓர் ஆய்வில், இரும்புப் பாத்திரத்தில் சமைத்துச் சாப்பிட்ட பிள்ளைகளின் ஈமோகுளோபின் அலுமினியப் பாத்திரத்தில் சமைத்துச் சாப்பிட்ட பிள்ளைகளைவிடக் கூடியிருந்தது. தக்காளியோ புளியோ சேர்ந்த கறிக்கு இரும்பு கூடுதலாக இறங்கும், கறி கொஞ்சம் கறுக்கும். துருவை மட்டும் தேய்த்து எடுத்து, எண்ணெய் பூசி வைக்க வேண்டும்.

கிளினிக்கில் தருகிற நுண்போசணைத் தூள் பைக்கற்றுகள் பல வீடுகளில் பாவிக்காமல் கிடக்கின்றன. “மலம் கறுப்பாப் போகுது, பயமாயிருக்கு” என்பார்கள். இரும்பு கொடுத்தால் மலம் கறுக்கும், அதில் பயமில்லை. கொதிக்கிற சாப்பாட்டில் போடாமல், ஆறிய சோற்றில் பிள்ளை நிச்சயம் சாப்பிடுகிற முதல் இரண்டு வாயோடு கலந்து, அரை மணி நேரத்துக்குள் கொடுத்து முடிக்க வேண்டும். பாலில் கலக்கக் கூடாது. மருத்துவமாது தருகிற பூச்சி மருந்தையும் தவறவிடாதீர்கள். கொழுக்கிப் புழு குடலில் இருந்து இரத்தம் குடிக்கும், வெறுங்காலோடு மண்ணில் திரிகிற பிள்ளைக்கு அது காலால் ஏறும். பிள்ளை மண்ணையோ சுண்ணாம்பையோ தேடித் தின்றால் அடித்துத் திருத்தப் பார்க்காமல் இரத்தம் சோதியுங்கள். இரும்புக் குறைபாட்டின் அடையாளங்களில் அதுவும் ஒன்று. சாப்பாட்டில் மனமில்லாமை, ஓயாத சிணுங்கல், அழுது மூச்சடக்குவது, இரவில் அமைதியில்லாத நித்திரை இவையும் அப்படித்தான்.

குறைபாடு வந்துவிட்டால் சாப்பாட்டால் மட்டும் அதை நிரப்ப முடியாது, மருந்து வேண்டும். அதைக் கடையில் கேட்டு வாங்கிக் கொடுக்கக் கூடாது. இலங்கையில் தலசீமியா என்ற பரம்பரை இரத்த நோயும் உண்டு. அதிலும் இரத்தம் குறையும், ஆனால் அங்கே இரும்பு கொடுப்பது கேடாக முடியலாம். மருந்தின் அளவு பிள்ளையின் நிறையைப் பொறுத்தது, அதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். இன்னொன்றைக் கையெடுத்துக் கேட்கிறேன். அடுத்த பிள்ளையைச் சுமக்கிற தாய்க்குக் கிளினிக்கில் தருகிற இரும்புக் குளிசைகள் மூத்த பிள்ளைக்கு இனிப்பு மாதிரித் தெரியும். சில குளிசைகளே சின்னப் பிள்ளைக்கு நஞ்சாகலாம், உயிருக்கே ஆபத்து. விழுங்கிவிட்டது என்று சந்தேகம் வந்தாலே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும், சத்தி வரட்டும் என்று பார்த்திருக்கக் கூடாது.

கோண்டாவில் பிள்ளைக்கு இரத்தம் சோதித்ததில் ஈமோகுளோபின் 9.6 வந்தது, பெரிட்டினும் குறைவு. மருத்துவர் மூன்று மாதத்துக்குச் சொட்டு மருந்து எழுதியிருக்கிறார். அளவு சரியான பிறகும், சேமிப்பு நிரம்பும்வரை நிறுத்த வேண்டாம் என்று சொல்லி அனுப்பினாராம். பால் இப்போது காலையும் பின்னேரமும் ஒவ்வொரு கப். அடுப்பில் பெரிய சட்டிக்குப் பக்கத்தில் ஒரு குட்டிச் சட்டி ஏறுகிறது. போன ஞாயிறு அதில் ஈரலும் பருப்பும் இருந்தது, அவன் ஒன்பது வாய் வாங்கினான், நான் எண்ணினேன். மருந்துப் போத்தில் சாமிப்படத் தட்டுக்கு மேலே இருக்கிறது. அந்த வீட்டில் அவன் ஏறிப் பிடிக்காத உயரம் இப்போதைக்கு அது ஒன்றுதான்.